அப்பாவுக்குப் போய்ச் சேராத கேசரி

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் ஓரிடத்தில் உட்கார்ந்தால் பேச்சு எங்கே போய் நிற்கும் என்று உங்களுக்கே தெரியும். ஒருவர் உப்பை விட்ட கதையைச் சொல்வார். இன்னொருவர் எண்ணெயை விட்டதை, ஏதோ சன்னியாசம் வாங்கியதுபோல விவரிப்பார். என் முறை வந்தால் டாக்டர் சொன்னதால் இனிப்பை விட்டுவிட்டேன் என்பேன். நீங்களும் பாவம், நம்புவீர்கள். பொய் சொல்வதில் எனக்கு ஐம்பது வருட அனுபவம் இருக்கிறது. மற்ற இனிப்புகளை டாக்டர் சொல்லித்தான் விட்டேன். கேசரியை விட்டது ஒன்பது வயதில்.

தாம்பரத்தில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். செங்கல் சுவர், ஓட்டுக்கூரை, இரண்டு வீட்டுக்கு நடுவில் இடுப்பளவுக்கு ஒரு மதில். அப்பா மோட்டார்மேன். பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் நடுவில் மின்சார ரயில் ஓட்டுபவர். மீட்டர் கேஜ் காலம் அது. ரயில் கிளம்பும்போது ஒரு குலுக்கு குலுக்கும், நினைவிருக்கிறதா? அந்தக் குலுக்கலைக் கொடுப்பவர் என் அப்பா என்பதில் எனக்கு அசாத்தியக் கர்வம். பள்ளிக்கூடத்தில் யாராவது "நேத்து ரயில்ல வுழப் பாத்தேன்டா" என்றால், "எங்கப்பாதான் தள்ளுனாரு" என்பேன்.

வீட்டில் எனக்கு வேலை கோமாளி வேலை. வாத்தியார் மூக்கு உறிஞ்சுவது, பால்காரர் நடப்பது, எல்லாவற்றையும் செய்து காட்டுவேன். அம்மா சிரித்தால் சாயங்காலம் அடி குறையும் என்பது என் கணக்கு.

அப்பா நன்றாகச் சாப்பிடுவார். ரசித்துச் சாப்பிடுவார் என்று சொல்லவேண்டும். டியூட்டிக்கு எடுத்துப்போகும் அலுமினிய டப்பாவை அம்மா மூடும்போது, திரும்பத் திறந்து ஒருமுறை மோந்து பார்த்துவிட்டுத்தான் பையில் வைப்பார். வாரத்தில் இரண்டு நாளாவது எலுமிச்சை சாதம். மஞ்சளாக, வேர்க்கடலை தூக்கலாக. டப்பா திரும்பி வரும்போது ஓரத்தில் கடுகும் காய்ந்த பருக்கையும் ஒட்டியிருக்கும். "இன்னா மனுஷன், கொஞ்சம் தண்ணி ஊத்தி வெச்சா இன்னா?" என்று திட்டிக்கொண்டே அம்மா தேய்ப்பாள்.

அந்தக் கோடை விடுமுறையில்தான் டப்பா கழுவி வர ஆரம்பித்தது.

அம்மாவுக்கு ஏழாம் மாதம். வயிற்றில் என் தங்கை. முதல் இரண்டு நாள், கர்ப்பிணி கஷ்டப்படக் கூடாதென்று கழுவுகிறார் என நினைத்து அம்மா பூரித்துப்போனாள். அப்புறம் வீட்டிலும் அவர் தட்டில் சோறு மிஞ்சத் தொடங்கியது. வெறும் சோற்றில் ரசம் ஊற்றி நாலு வாய். குழம்பு வேண்டாம், கலந்த சாதம் எதுவும் வேண்டாம். "வயிறு சரியில்ல." மறுநாளும் அதே வயிறு. மூன்று வாரத்தில் காக்கிச் சட்டைக் காலருக்குள் கழுத்து தனியாக ஆட ஆரம்பித்தது. நான் அதையும் செய்து காட்டினேன். ஆமை கழுத்தை நீட்டுவதுபோல. அம்மா சிரிக்கவில்லை.

வளைகாப்பு வந்தது. வாசலில் சின்னப் பந்தல், மதியச் சாப்பாடு. வளைகாப்பு என்றால் பலவகைக் கலந்த சாதம் உண்டல்லவா? புளி, தேங்காய், தயிர், எல்லாம் அண்டா அண்டாவாக. அப்பாவுக்கு இலை போட்டு, அம்மாவின் அண்ணன், என் மாமா, முதல் கரண்டியே எலுமிச்சை சாதம் வைத்தார்.

அப்பா இலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கை நடுங்கியது. எனக்கு அது வேடிக்கையாக இருந்தது, பக்கத்தில் உட்கார்ந்து நானும் கையை ஆட்டினேன். சட்டென்று எழுந்தார். தண்ணீர்க் குழாய்ப் பக்கம் ஓடினார். குமட்டுகிற சத்தம் பந்தல் முழுக்கக் கேட்டது. வெறும் வயிறு குமட்டும்போது வரும் சத்தம் வேறு மாதிரி இருக்கும். அன்றைக்கு எனக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

கை நிறைய வளையலோடு அம்மா நாற்காலியில் அசையாமல் இருந்தாள். நல்ல காரியத்தில் இலையை விட்டுப் புருஷன் எழுந்துவிட்டான். ஒரு அத்தை காதோரம் இன்னொரு அத்தை குனிந்தாள். அவ்வளவு போதாதா?

மதிலுக்கு அந்தப் பக்கம் ஓர் அக்கா இருந்தார். தாம்பரம் ஸ்டேஷனில் டிக்கெட் கவுன்ட்டரில் வேலை. தகப்பனார் ரயில்வேயில் இருக்கும்போதே இறந்துவிட்டதால் கிடைத்த வேலை. தன் அம்மாவோடு இருந்தார். கிறிஸ்தவக் குடும்பம். அந்த அட்டை டிக்கெட்டுகளைத் தேதி மிஷினில் விட்டு "டக்"கென்று குத்தும்போது அவர் உதட்டைக் கடித்துக்கொள்வார். அதையும் நான் செய்து காட்டுவேன். அவர் கோபப்படாமல் விழுந்து விழுந்து சிரிப்பார். அதனாலேயே அவரை எனக்குப் பிடிக்கும். இதை எழுதும்போது கொஞ்சம் நிறுத்திவிட்டுத்தான் எழுதுகிறேன்.

வளைகாப்பு முடிந்த ஞாயிற்றுக்கிழமை காலை, மதிலுக்கு மேலே ஒரு எவர்சில்வர் கிண்ணத்தை நீட்டினார். மேலே தட்டு போட்டு மூடியிருந்தது.

"அப்பாவுக்கு மட்டும்டா. வெள்ளை கேசரி. கலர் போடல. அக்கா குடுத்தேன்னு சொல்லு. ஒரு ஸ்பூனாவது சாப்டச் சொல்லு."

"ஏன்க்கா கலர் போடல? கலர் தீந்துடுச்சா?"

"போடா வாயாடி. நேரா அப்பாகிட்டதான் போவணும். சரியா?"

நேராகத்தான் கிளம்பினேன். மதிலில் இருந்து எங்கள் வாசற்படி இருபதடி. நடுவில் தண்ணீர்த் தொட்டி ஒன்று இருந்தது. தொட்டிக்குப் பின்னால் நின்று, ஒழுங்காக இருக்கிறதா என்று தட்டைத் தூக்கிப் பார்த்தேன். நெய்யும் ஏலக்காயும் முகத்தில் அடித்தது. முந்திரியை மட்டும் எடுத்தேன். முந்திரி எடுத்த இடம் பள்ளமாகத் தெரிந்ததால் அதைச் சமன் செய்ய ஒரு விரல். அந்தப் பக்கத்தைச் சமன் செய்ய இன்னொரு விரல். சமன் செய்து முடித்தபோது கிண்ணத்தின் அடியில் என் முகம் தெரிந்தது.

தொட்டித் தண்ணீரில் கிண்ணத்தைக் கழுவி அடுக்களையில் வைத்தேன். அம்மா பார்த்துவிட்டாள்.

"ஏதுடா இந்தக் கிண்ணம்?"

"பக்கத்து வூட்டு அக்கா குடுத்தாங்க. கேசரி. அப்பாவுக்கு."

"எங்க கேசரி?"

"அப்பா சாப்ட்டாரு."

"உங்கப்பாவா? நெஜமாவா?"

அங்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் கோமாளிக்குக் கை தட்டும் ஆள் எதிரே நிற்கிறார். கிண்ணத்தைக் கையில் எடுத்து, கண்ணை மூடி, நாக்கை நீட்டி, அப்பா எப்படி வழித்து நக்கினார் என்று நடித்துக் காட்டினேன். கடைசியில் ஒரு ஏப்பம் வேறு. என் நடிப்பு வாழ்க்கையில் அதைவிடச் சிறப்பாக நான் எதையும் செய்ததில்லை.

அம்மா கிண்ணத்தை என் கையிலிருந்து வாங்கி, கவிழ்த்து வைத்தாள். அவள் சமைத்த சோற்றைக் கண்டால் ஓடுகிற மனிதன், பக்கத்து வீட்டுக் கிண்ணத்தை நக்கியிருக்கிறான். ஏழு மாதக்காரி அதை எப்படித் தாங்கினாளோ. நான் வெளியே விளையாடப் போய்விட்டேன். மதிலோரம் அக்கா கேட்டபோதும், "ஃபுல்லா சாப்ட்டாருக்கா" என்றேன். அவர் கழுத்துச் சங்கிலியில் தொங்கிய சிலுவையைத் தொட்டுக்கொண்டு, "ஸ்தோத்திரம்" என்றார்.

மாமா பம்மலில் தோல் ஷெட்டில் மேஸ்திரி. எந்தப் பிரச்சினையையும் உரித்துக் காயப்போட்டுவிடுவார். அம்மா கண்ணைக் கசக்கிக்கொண்டு கேசரிக் கதையைச் சொன்னதும் தொடையில் தட்டினார்.

"அதான் பாத்தேன்! மருந்து வெச்சிட்டாங்க தங்கச்சி. வூட்டுச் சோறு எறங்காது, அவங்க குட்த்தா மட்டும் எறங்கும். எங்க தெருவுலயே ஒரு அம்மா மருந்து எடுக்குது. எத்தினி பேருக்கு எட்த்துக்கீது தெரியுமா?"

உங்களில் பாதிப் பேருக்கு இது தெரிந்திருக்கும். ஒருவரை மயக்கிச் சொன்னபடி கேட்க வைக்க, சாப்பாட்டில் ஏதோ கலந்து கொடுத்துவிடுவார்கள், அது வயிற்றில் ஒட்டிக்கொண்டு ஆளை உருக்கும் என்று ஒரு நம்பிக்கை. அதை வெளியே எடுக்க ஆட்கள் இருந்தார்கள்.

அப்பாவை எப்படிச் சம்மதிக்க வைத்தார்கள் என்று தெரியவில்லை. பல்லாவரம் போய், இன்னொரு பஸ் மாறி, பம்மலில் இறங்கினோம். பச்சைத் தோல் வாடை மூக்கைப் பிடுங்கியது. மருந்து எடுக்கும் அம்மாள் குள்ளமாக, வெற்றிலை வாயோடு, எங்கள் தலைமை ஆசிரியர் போல அதட்டலாக இருந்தார். அப்பாவைப் பலகையில் உட்காரவைத்து வயிற்றை அமுக்கினார்.

"கெட்டியா கீதே... இனிப்புல குட்த்துக்கீறாங்க. இன்னா சாமி, யார் வூட்லனா இனிப்பு துன்னியா?"

மாமா முந்திக்கொண்டார். "கேசரிம்மா! பக்கத்து வூட்ல. எங்க பையன் கண்ணால பாத்துக்கீறான். சொல்லுடா!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்பாவும் பார்த்தார். அந்த வீட்டில் ஒரு பெட்டைக் கோழி, ஐந்து குஞ்சுகளோடு திரிந்தது. நான் குஞ்சுகளை எண்ண ஆரம்பித்தேன்.

அப்பா மெதுவாகச் சொன்னார்: "ஆமா. சாப்ட்டேன்."

பச்சையாக ஏதோ சாற்றை ஊற்றினார்கள். ஏற்கெனவே எதுவும் தங்காத வயிறு. அவர் குனிந்து, சட்டியைப் பிடித்துக்கொண்டு, உடம்பு முழுக்க அதிர வாந்தி எடுத்தார். மாமா தலையைப் பிடித்துக்கொண்டார். அந்த அம்மாள் சட்டியில் சாம்பலைத் தூவிக் குச்சியால் கிளறி, புளியங்கொட்டை அளவில் கறுப்பாக ஒன்றைத் தூக்கிக் காட்டினார். குனிவதற்கு முன்னால் அவர் கை இடுப்புச் சேலை மடிப்புக்குள் போய் வந்ததை நான் பார்த்தேன். தொட்டி மறைவில் தொழில் செய்தவனுக்கு இதெல்லாம் தெரியாதா? ஆனால் வாயைத் திறந்தால் பேச்சு கேசரிக்குத்தான் வரும். ஒரு பொய்க்காரனால் இன்னொரு பொய்க்காரியைக் காட்டிக்கொடுக்க முடியாது.

மறுநாள் காலை, அக்கா டியூட்டிக்குக் கிளம்பும் நேரம் பார்த்து, அம்மா அந்தக் கிண்ணத்தை மதில்மேல் வைத்தாள். வெறும் கிண்ணம். நாலு மிளகாயோ ஒரு பிடி சர்க்கரையோ போடாமல் யார் வீட்டுப் பாத்திரத்தையும் அவள் திருப்பிக் கொடுத்ததே இல்லை.

"இனிமே எங்க வூட்டுக்கு எதுவும் குடுத்தனுப்பாதீங்க."

"ஏன்க்கா? இன்னா ஆச்சு?"

"குடுத்தனுப்பாதீங்கன்னா அனுப்பாதீங்க."

அக்கா என்னைப் பார்த்தார். நான் வாசற்படியில் உட்கார்ந்து பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குத் தேய்த்ததுபோல் அப்புறம் என்றும் தேய்த்ததில்லை. வாய் நிறைய நுரை இருந்தால் யாரும் எதையும் கேட்கமாட்டார்கள்.

மழைக்காலம் வருவதற்குள் வேறு ஸ்டேஷனுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு அக்கா குடும்பத்தோடு போய்விட்டார்.

மருந்து எடுத்தாகிவிட்டதால் அப்பா குணமாகியே தீரவேண்டும். அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து போட்டாள். அவரும் சாப்பிட்டார். அப்புறம் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு வெகுநேரம் குளித்தார். தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம் இருந்தது. எனக்குக் கேட்டது. அம்மாவுக்குக் கேட்டதா என்று நான் கேட்கவில்லை. தங்கை பிறந்து, அவளைத் தூக்கித் திரியத் தொடங்கியபின் உடம்பு கொஞ்சம் தேறினார். ஆனால் சாகிறவரை வெள்ளைச் சோறும் ரசமும்தான். எந்தக் கல்யாணத்திலும் இலையில் உட்கார்ந்ததில்லை. வேலைக்கு டப்பா எடுத்துப்போனதில்லை. "உங்கப்பாவுக்கு ருசியே தெரியாது" என்று அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவள் போன பிறகுதான் அப்பா வாய் திறந்தார். தாம்பரம் ஸ்டேஷன் பெஞ்சில் இருவரும் சும்மா உட்கார்ந்திருந்தோம்.

"வேலைக்குப் போற ஆளுடா. லைனைத் தாண்டினாரு. ஹாரன் அடிச்சேன், பிரேக் போட்டேன். நிக்குமா அது? எறங்கிப் போனேன். ஆளைப் பாக்க தைரியம் வரல. அவரு டப்பாதான் கண்ல பட்டுது. மூடி தெறிச்சு, ஜல்லி மேல எலுமிச்சை சாதம். உங்கம்மா அன்னிக்கு எனக்குக் கட்டுனதும் அதேதான். வேர்க்கடலைகூட அதே மாதிரி..."

"அம்மாகிட்ட சொல்லியிருக்கலாமேப்பா."

"மாசமா இருந்தவகிட்ட சாவைச் சொல்லுவாங்களா? நான் பிளாட்பாரக் கடைசில காக்காவுக்குச் சோத்தைக் கொட்டுறதை அந்த கவுன்ட்டர் பொண்ணு மட்டும் பாத்துடுச்சு. அதுகிட்ட அழுதுட்டேன். வீட்ல சொல்லாதம்மான்னு சத்தியம் வாங்கினேன்."

நான் ஆரம்பித்தேன்: "அந்த கேசரி..."

"நீதான் துன்னேன்னு தெரியும்டா. கன்னத்துல ரவை ஒட்டினு இருந்துச்சு."

"அப்புறம் ஏன் சாப்ட்டேன்னு சொன்னீங்க? எனக்காகவா?"

அப்பா சிரித்தார். "உனக்காகன்னு சொன்னா பெருமையா இருக்கும். இல்லடா. சாப்பிடலன்னா, அப்ப உனக்கு இன்னாதான் பிரச்சினைன்னு கேப்பாங்க. உன் பொய் எனக்கு வசதியா இருந்துச்சு. ரெண்டு பேருமா அந்தப் பொண்ணு தலைல கட்டிட்டோம்."

அப்பா இறந்து ஐந்தாறு வருடம் ஆகிறது. போன மாதம்தான், பழைய ரயில்வேக்காரர் ஒருவர் சொல்லி, அக்கா ராஜகீழ்ப்பாக்கத்தில் அண்ணன் மகளோடு இருப்பது தெரிந்தது. மனதில் இருப்பதை இறக்கி வைத்துவிடலாம் என்று போனேன். எங்கே இறக்கப்போகிறேன் என்று யோசிக்கவில்லை.

கதவைத் திறந்த அண்ணன் மகள் உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்தாள். அக்கா மெலிந்து, முழுக்க நரைத்து, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். மதிலுக்கு இந்தப் பக்கத்துப் பையன் என்றதும் முகம் மலர்ந்தது.

"டேய், வாயாடி! நீயா? தலைல ஒரு முடி இல்லயேடா!"

"கலர் தீந்துடுச்சுக்கா, முடியும் போயிடுச்சு" என்றேன். அதே சிரிப்பு, விழுந்து விழுந்து.

என் முன்னால் பிரிக்காத பிஸ்கட் பாக்கெட் ஒன்றும், மூடி திருகாத தண்ணீர் பாட்டிலும், ஒரு சின்னக் கத்தரிக்கோலும் வைத்தார். எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"இன்னாக்கா, சீல் ஒடைக்காம குடுக்கறீங்க? கோர்ட்டுல ஒப்படைக்கற மாதிரி?"

"வர்றவங்க எல்லாருக்கும் இப்படித்தான்பா. கிறிஸ்மஸுக்குக்கூட கடை கேக்தான், பொட்டியோட குடுத்துடுவோம்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அன்னிக்கு உங்கம்மா வெறும் கிண்ணத்தை வெச்சாங்க பாரு, அப்பதான் புரிஞ்சுது. நாங்க வேதக்காரங்க, எங்க கை பட்டது உங்க வூட்டுக்கு ஆகல. அதுக்கப்புறம் யார் வூட்டுக்கும் சமைச்சு அனுப்பினதில்ல. அவங்களுக்கும் சங்கடம் இல்ல, எனக்கும் இல்ல பாரு."

"ஐயோ, அது இல்லக்கா" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். தொட்டி, முந்திரி, என் நடிப்பு, பம்மல், சட்டி, கோழிக்குஞ்சு. நடுவில் ஒன்றிரண்டு இடத்தில் சிரிக்க வைக்கவும் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அப்ப உங்கப்பா அதுல ஒரு ஸ்பூன்கூட சாப்பிடலயா?"

"இல்லக்கா."

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"உங்கம்மா அப்படிச் சொன்னப்போகூட, போவட்டும், அந்த மனுஷன் அன்னிக்கு வயிறார சாப்ட்டாரு, அது போதும்னு நெனச்சுக்குவேன். இத்தினி வருஷம் அதைத்தான் நெனச்சினு இருந்தேன்."

எனக்கு அதற்கு எந்த வேடிக்கையும் தோன்றவில்லை. அதுவரை அவரிடம் மிச்சமிருந்த ஒன்றையும் நான்தான் தேடிப்போய் எடுத்திருக்கிறேன் என்பது மட்டும் புரிந்தது.

உள்ளேயிருந்து அண்ணன் மகள் குரல் கொடுத்தாள்: "அத்தை, பால் காஞ்சிடுச்சு. அவருக்கும் சேத்து காபி கலக்கட்டா?"

அக்கா என்னைப் பார்க்காமலே பதில் சொன்னார்.

"வேணாம்மா. அவர் கெளம்புறாரு."